வித்துப் பரிமாற்றமும் நம் பஞ்சாயத்துகளும்

(காஞ்சிபுரம் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



காஞ்சிப் பட்டுக்கு உலகெங்கும் பெயருண்டு. ஆயினும் அதற்குரிய பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. இதனால் காஞ்சியின் பெருமை குறைந்ததென்று எவரும் கூறுவதில்லை. நெல் விஷயத்திலும் இத்தகைய கூட்டுறவு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதில் நம் பகுதிக்குள்ள பங்கை நம்மில் பலர் அறியோம். அதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க்குப்பத்தில், 1942-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. கோயமுத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 என்ற நெல் அரிசி நயத்துக்குப் பேர்போனது. அதனைக் கோ 18 என்ற ரகத்துடன் ஒட்டித் திரூர்க்குப்பத்தார் உண்டாக்கிய நெல்லே டி.கே.எம். 6 ஆகும். நம் வயல்களில் விளைந்த அந்த நெல், 1960-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸில் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றது. குருத்துப் பூச்சி என்று நாம் சொல்லும் தண்டுத் துளைப்பானை அது ஓரளவு தாங்கி நின்றதை அங்குள்ளோர் கண்டனர். தங்களிடமிருந்த குட்டை இன நெல்லொன்றுடன் அதனைச் சேர்த்தனர். அவ்வாறு 1969-இல் பிறந்ததுதான் ஐ.ஆர். 20. சில ஆண்டுகளிலேயே அது தமிழ்நாட்டுச் சம்பா வயல்களிலெல்லாம் பரவலாயிற்று. நம் பெரியோர் அதனை 'ஐ.ஆர். நெல்' என்று கூறி அந்நிய வித்தாகவே எண்ணினர். உண்மையில் அது தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணைப் போன்றதே.

இன்னொன்றும் கேளுங்கள். பயிரைப் புல்லைப் போலக் குட்டையாக்கிக் கதிர்விடாமற் செய்யும் நச்சுயிரி நோய் ஒன்று 1970-களில் ஆசிய நாடுகளின் நெல்லை வாட்டியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வித்து வகைகளைச் சோதித்தும் அந்நோயைத் தாங்கும் குணம் ஒன்றில் மட்டுமே அகப்பட்டது. அதுவும் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்! வயலில் கண்டால் நாம் களையென்று பிடுங்கி எறிந்திருப்போம். அதன் குணத்தை ஏற்று 1976-இல் ஐ.ஆர். 36 வெளிவந்தது. எவ்வித்து என்றைக்கு எவருக்குக் கைகொடுக்கும் என்பதை முன்கூட்டி எவராலும் சொல்ல இயலாது.

அவ்வாறிருக்க, நம் வட்டாரத்தின் நிலைமை என்ன? செங்கற்பட்டுச் சிறுமணி என்று இப்பகுதியின் பெயராலேயே வழங்கிய நெல் ஒன்று உண்டு. வாடன் சம்பா, பூங்கார், குள்ளக்கார் என்று பெரியோர் சொல்லும் பெயர்களைக் கேட்டறியாத இளைஞர்களும் இன்று இருக்கிறார்கள். புதிய ரகங்கள் மிகுந்த விளைச்சல் தந்ததால் பழையவை ஒதுக்கப்பட்டன. அதற்காக விவசாயியைக் குறைகூற நாம் வரவில்லை. வயிறும் கடனும் காத்திருக்கமாட்டா. ஆனால் வீட்டில் வைத்த நெல் வித்து ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத் திறன் குன்றிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகள் எவரும் விதைக்காத ரகம் அவ்வூரில் இல்லாமலே போய்விடுகிறது.

தில்லியில் 1976-இல் அமைந்த தேசியத் தாவர மரபு வள நிறுவனம் வித்துகளை நன்கு உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் பல பத்தாண்டுகள் பாதுகாக்கிறது. இது மிக அவசியமான பணி. ஆயினும் குளிரறையில் உறங்கும் வித்து, மாறிவரும் மழையையும் புதுப் பூச்சியையும் பார்ப்பதில்லை. வயலில் ஆண்டுதோறும் விளையும் வித்து அவற்றோடு பழகி வருகிறது. ஆகவே குளிரறையும் வேண்டும், வயலும் வேண்டும்.

வயலில் காக்கும் வழியைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் நடத்திக் காட்டினார்கள். நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய வித்து வாங்கிச் சென்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே ஏற்பாடு. வட்டியுடன் வித்து திரும்பியது. ஒருவர் வயலில் பொய்த்தாலும் வேறொருவர் வயலில் அந்த ரகம் பிழைத்தது. அண்டை ஒன்றியங்கள் கூடி இதனை இங்கேயும் நடத்தலாம்.

"நம் வித்தைப் பிறர் கொண்டுபோய்ப் பணமாக்கினால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. எழுதிவைக்காத பொருளுக்கு உரிமை கோருவது கடினம். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகங்களைப் பதிவு செய்ய வழியுண்டு. விவசாயி தன் வித்தைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமையுண்டு. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பது மட்டும் ஆகாது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டப்படி ஊராட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பதிவேடு எழுதவேண்டும். நாடுகளுக்கிடையே நெல் வித்தைப் பகிர்வதற்கும் 2004 முதல் ஒரு சர்வதேச உடன்படிக்கை நடைமுறையில் உள்ளது.

அந்தப் பதிவேடு பல ஊர்களில் பெயரளவில் நிற்கக்கூடாது. ரகத்தின் பெயர், பட்டம், வயது நாட்கள், ஏரிப் பாசனமா மானாவாரியா, எந்த நோயைத் தாங்கும், எவர் வீட்டில் வித்து உள்ளது ஆகியவற்றை எழுதுங்கள். வித்தை உலர்த்திக் குதிரில் காத்துவந்த மூதாட்டிகளை முதலில் கேளுங்கள்; ஆண்களுக்குத் தெரியாத பெயர்கள் அவர்களிடம் கிடைக்கும். ஏரித் தலைமடையில் பத்து சென்ட் நிலம் ஒதுக்கி, ரகத்துக்கொரு பாத்தி நட்டு, கதிர் விடும்போது கலவன்களை நீக்குங்கள். அறுத்த வித்தை ஈரம் 12, 13 சதத்துக்கு வரும்வரை காயவைத்து, ஒரு பங்கை ஊரிலும், ஒரு பங்கை அண்டை ஊரிலும், ஒரு பங்கைத் தில்லி வித்து வங்கியிலும் வையுங்கள். மூன்று பைகளின்மீதும் ஊரின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும்.