ஆசானுக்கு எந்த ஊர்?

(‘பிரேசில் ரசிகர்கள் தங்கள் அணிக்குத் தேட வேண்டியது சொந்த நாட்டுப் பயிற்சியாளரையா, அயல்நாட்டுப் பயிற்சியாளரையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘அயல்நாட்டவரே’ என்ற அணிக்காகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘சொந்த நாட்டவரே’ என்று முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!  

காலையில் கிளம்பும்போது எங்க வீட்டுக்காரம்மா கேட்டாங்க, “இன்னைக்கு என்னங்க தலைப்பு?” நான் சொன்னேன், “பிரேசில் கால்பந்து அணிக்கு யார் கோச்சா வரணும்னு முடிவு பண்ணப் போறோம்.” ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. “நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுது, ஒரு பிளம்பரைப் பாருங்கன்னு மூணு மாசமாச் சொல்றேன். அதுக்கு ஆள் கிடைக்கல. பிரேசிலுக்கு ஆள் பார்க்கப் போறீங்களா?” (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, அவங்க கேட்டதில் நியாயம் இருக்கு. ஆனால் எல்லை தாண்டிப் பக்கத்தில் இருக்கிற கேரளத்தைப் பாருங்கள். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு பக்கம் புள்ளாவூரில், ஆற்றங்கரையிலே நெய்மாருக்கு மரம் உயரத்துக்குக் கட்அவுட் வைத்தார்கள். கடல் கடந்து இருக்கிறவனுக்கே இவ்வளவு பாசம் என்றால், அந்த மண்ணில் பிறந்தவனுக்கு எப்படி இருக்கும்? பிரேசிலில் இருபது கோடிப் பேர். இருபது கோடிப் பேருமே கோச்சுங்க!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜோவோ சல்தானா என்று ஒரு பத்திரிகையாளர். அணியைக் கிழிகிழி என்று கிழித்து எழுதுவார், வானொலியில் பேசுவார். 1969-இல் கால்பந்து நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? ‘இவ்வளவு பேசறியே, நீயே வாப்பா’ என்று அவரையே பயிற்சியாளர் ஆக்கிவிட்டது! அவரும் சளைக்கவில்லை. தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டம், ஆறிலும் வெற்றி. ஆனால் 1970 மார்ச்சில், உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராணுவ ஆட்சி நடந்த காலம். ஜனாதிபதி மெடிசிக்குப் பிடித்த டாரியோ என்கிற ஆட்டக்காரரை இவர் சேர்க்க மறுத்தார் என்பது இன்றுவரை சொல்லப்படுகிற காரணம். அடுத்து வந்த சகாலோ கெட்டிக்காரர். டாரியோவை மெக்சிகோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை! (சிரிப்பு)

நடுவர்: கல்யாணத்துக்குக் கூப்பிட்டாச்சு, பந்தியிலதான் உட்கார வைக்கல!

அதேதான் ஐயா!

எதிரணியில் பேசிய சகோதரி ஒரு கணக்குச் சொன்னாங்க. 1930 முதல் 2022 வரை 22 உலகக் கோப்பைகள். ஒன்றைக்கூட அயல்நாட்டுப் பயிற்சியாளர் வென்றதில்லை. பிரேசிலின் ஐந்து கோப்பைகளையும், 1958-இல் பியோலா, 1962-இல் மொரேரா, 1970-இல் சகாலோ, 1994-இல் பரேரா, 2002-இல் ஸ்கொலாரி என்று சொந்த நாட்டவர்களே வாங்கித் தந்தார்கள் என்றாங்க. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அம்மா, கோப்பை வெல்லும் வலிமையுள்ள நாடுகள் வெளியாளைப் பயிற்சியாளராக வைத்ததே அபூர்வம். ஒருத்தனைப் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடாமல் வாசலில் நிறுத்திவிட்டு, ‘பார்த்தியா, நீ ஒரு தடவைகூட பாஸ் பண்ணல’ என்றால் எப்படி? (கைதட்டல்) உள்ளே விட்ட சிலர் எங்கே போய் நின்றார்கள்? 1958 இறுதி ஆட்டத்தில் பிரேசிலை எதிர்த்து நின்ற சுவீடன் அணிக்குப் பயிற்சியாளர் ஜார்ஜ் ரெய்னர், ஆங்கிலேயர். 1978-இல் இறுதிக்கு வந்த நெதர்லாந்துக்கு எர்ன்ஸ்ட் ஹாப்பெல், ஆஸ்திரியர். 2004-இல், யாருமே பொருட்படுத்தாத கிரீஸ் நாடு ஐரோப்பியக் கோப்பையையே தூக்கியது. பயிற்சியாளர் ஓட்டோ ரெஹாகல், ஜெர்மானியர். அன்றைக்குத் தோற்றது போர்ச்சுகல். அதன் பயிற்சியாளர் யார்? நம்ம ஸ்கொலாரி. பிரேசில்காரர்!

இங்கேதான் எதிரணி மாட்டுகிறது. ஸ்கொலாரி போர்ச்சுகலுக்குப் போகலாம். ஜிக்கோ ஜப்பானுக்குப் போகலாம். 1970-இல் டிடி பெருவுக்குப் போகலாம். பரேராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் குவைத், 1990-இல் ஐக்கிய அரபு அமீரகம், 1998-இல் சவூதி அரேபியா, 2010-இல் தென்னாப்பிரிக்கா. நான்கு நாடுகளை உலகக் கோப்பையில் வழிநடத்தியவர். அங்கெல்லாம் அவர் அயல்நாட்டவர்தானே? ‘எங்க ஆள் உங்க வீட்டுக்கு வந்தா விருந்தாளி, உங்க ஆள் எங்க வீட்டுக்கு வந்தா வேற்றாளா?’

இந்த இடத்தில் கணியன் பூங்குன்றனாரின் அந்த வரியை நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்து நடுவர் பேனாவை எடுத்துவிட்டார். சொல்லப் போவதில்லை ஐயா. அது எல்லாப் பட்டிமன்றத்திலும் உழைத்துக் களைத்துப் போயிருக்கிறது. இன்று ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். (பலத்த சிரிப்பு)

அடுத்து, எதிரணித் தம்பி கண் கலங்கக் கேட்டார், “வெளியாளுக்கு எங்கள் மண்ணின் துடிப்பு தெரியுமா?” தம்பி, உங்க வீட்டில் எந்தப் பருப்பு எந்த டப்பாவில் இருக்கு, மாமனாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று யாருக்குத் தெரியும்? அந்த வீட்டில் பிறந்த உங்களுக்கா? இல்லை, எங்கிருந்தோ வந்த மருமகளுக்கா? (மகளிர் பகுதியில் நீண்ட கைதட்டல்)

பிரேசிலும் முன்பே இப்படிக் கற்றிருக்கிறது. 1957-இல் பேலா குட்மான் என்கிற ஹங்கேரியர் சாவ் பாவ்லோ அணிக்குப் பயிற்சியாளராக வந்து அந்த மாநிலக் கோப்பையை வென்றார். பின்னால் நான்கு, முன்னால் நான்கு, நடுவில் இரண்டு என்று ஆட்களை நிறுத்தும் முறையை அங்கே பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்று கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். மறு ஆண்டு பிரேசில் அந்த முறையில் ஆடித்தான் முதல் கோப்பையை வென்றது. வென்று தந்த பியோலாவும் அதே சாவ் பாவ்லோ சங்கத்துக்காரர்தான். பாட்டு உள்ளூர்ப் பாட்டுதான். தாளத்தில் கொஞ்சம் வெளியூர் கலந்திருந்தது.

சரி, எனக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிரணி இதை எடுத்திருந்தால் நான் திணறியிருப்பேன். நல்லவேளை, விட்டுட்டாங்க. 1993-இல் தகுதிச் சுற்றில் பிரேசில் தடுமாறுகிறது. ரொமாரியோவைக் கூப்பிடு என்று நாடே கத்துகிறது. பரேரா கடைசி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். மரக்கானா அரங்கில் உருகுவேக்கு எதிராக 2-0, இரண்டுமே ரொமாரியோ! ரசிகன் சொன்னது சரி. 2002-இல் மறுபடி அதே நாடு, அதே ரொமாரியோ, அதே கூச்சல். ஸ்கொலாரி முடியாது என்றார். வசவு வாங்கினார். கோப்பையோடு வந்தார். ரசிகன் சொன்னது தப்பு. ஆக, ஊரின் கூச்சலுக்குக் காது கொடுக்காமல் நிற்கிற உறுதி உள்ளூர்க்காரருக்கும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? வென்று கொடுத்தவர் மேல் வைத்த அன்பு அணியை விடவில்லை. 2012-இல் மறுபடி ஸ்கொலாரியையே கூப்பிட்டார்கள். 2014 ஜூலை 8, பெலோ ஒரிசாந்தி. சொந்த மண்ணில் அரையிறுதி. ஜெர்மனி 29 நிமிடத்துக்குள் ஐந்து கோல். முடிவில் 7-1. அவையில் இருக்கிற இளைஞர்கள் பார்த்திருப்பீர்கள். தோல்வி என்றால் அழுவார்கள், திட்டுவார்கள். அன்றைக்கு ஐந்தாவது கோலுக்கு அப்புறம் பலருக்கு அழுகையே வரவில்லை, வாய் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் முதல் அரை மணி நேரம் இருக்குமே, அந்த மாதிரி. (அமைதி)

இவ்வளவு பட்ட பிறகு அடுத்து யாரை அழைத்தார்கள்? துங்காவை. அவரும் 2006 முதல் 2010 வரை ஏற்கெனவே இருந்துவிட்டுப் போனவர்! டெலி சந்தானா இரண்டு முறை, பரேரா, சகாலோ, ஸ்கொலாரி, துங்கா எல்லாரும் திரும்பத் திரும்ப. காய்ச்சல் வந்தால் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போகிறோம், சரி. அவர் மருந்தில் இறங்கவில்லை என்றால்? ‘ரொம்ப நாளாத் தெரிஞ்சவர், மனசு கஷ்டப்படுவாரு’ என்று மறுபடி அவரிடமேவா போவது? எங்கள் அணி உள்ளூர்க்காரரின் திறமையைக் குறை சொல்லவில்லை நடுவர் அவர்களே. அந்தத் தாட்சண்யத்தைத்தான் குறை சொல்கிறோம்.

இதைப் பிரேசில் ரசிகர்களே உணர்ந்தார்கள். 2019-இல் போர்ச்சுகலின் ஜோர்ஜ் ஜெசுஸ் வந்து, பிளமெங்கோ அணிக்குத் தென்னமெரிக்கக் கோப்பையையும் நாட்டு லீக்கையும் அடுத்தடுத்த நாட்களில் வாங்கித் தந்தார். அப்புறம் பால்மெய்ராஸ் அணிக்கு இன்னொரு போர்ச்சுகீசியர் ஏபெல் பெரேரா, தொடர்ந்து இரண்டு தென்னமெரிக்கக் கோப்பை. கண்ணால் பார்த்த பிறகுதான் மனம் இளகியது. ஆனாலும் தேசிய அணி என்றதும் மறுபடி சண்டை. ஜனாதிபதி லூலாவே 2023-இல், அன்செலோட்டி முதலில் தன் இத்தாலியைச் சரி செய்யட்டுமே என்கிற பொருளில் பேசினார். 2025 மார்ச்சில் அர்ஜென்டினாவிடம் 4-1 தோல்வி. டோரிவல் ஜூனியர் பதவி போனது. மே மாதம் கார்லோ அன்செலோட்டி. ஐந்து நாடுகளில் லீக் வென்றவர், ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன் கோப்பை வென்ற பயிற்சியாளர். இன்னொன்று தெரியுமா? 1994 இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் தோற்ற இத்தாலி அணியின் துணைப் பயிற்சியாளர் இவர்தான். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து பிரேசில் கோப்பை தூக்குவதைப் பார்த்தவர். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் தள்ளி நின்று பார்த்தவனுக்குத்தான், அந்த வீட்டின் அருமை நன்றாகத் தெரியும். அவர் வந்து ஜூன் 10-ஆம் தேதி பராகுவேயை 1-0 என்று வென்று, அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்று அவருக்கு 66-வது பிறந்த நாள்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: நேரம் ஆச்சு பேராசிரியரே.

முடிச்சிடறேன் ஐயா. உலகக் கோப்பையை வாங்கித் தருவாரா என்பதா இந்த மேடையின் கேள்வி? அழைத்தது சரியா என்பதுதான். அந்த 7-1 ஆட்டத்துக்கே ஒரு நிமிஷம் திரும்பிப் போகிறேன். அரங்கில் ஒரு பெரியவர். தொப்பி, நரைத்த மீசை. கோப்பை மாதிரியே செய்த பொம்மைக் கோப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணீரோடு நிற்கிறார். உலகம் முழுக்க வந்த படம். ஆட்டம் முடிந்தது. அந்தப் பெரியவர் என்ன செய்தார்? ஒரு ஜெர்மன் ரசிகையிடம் போய், அந்தக் கோப்பையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். (நீண்ட கைதட்டல்)

தோற்ற அன்றைக்கு, தோற்கடித்த நாட்டுப் பெண்ணிடம், தன் கையில் இருந்ததை எடுத்துக் கொடுக்க ஒரு ரசிகனுக்கு மனம் இருந்தது. அவரைப் போன்ற ஒரு ரசிகரிடம் போய், ‘உங்கள் அணிக்கு ஒரு வெளிநாட்டார் சொல்லித்தர வந்தால் ஏற்பீர்களா’ என்று எதிரணி கேட்டுப் பார்க்கட்டும். அவர் சார்பில் நான் நடுவரிடம் தீர்ப்பு கேட்கிறேன்.  வீட்டுக்குப் போகிற வழியில் பிளம்பரைப் பார்க்கணும்.

(பலத்த கைதட்டல்)