சிக்னல்ல நிக்கும்போது வண்டி ஏன் நடுங்குது?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, ஹார்பர் பக்கம். முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, பின்னாடி ஒண்ணு. நடுவுல பழைய மாருதி 800ல நீங்க. கியர் நியூட்ரல், ஆக்சிலரேட்டர்ல கால் இல்ல. ஸ்டீயரிங் நடுங்குது, கண்ணாடி அதிருது. இன்ஜின் இங்கயே நின்னுடுமோன்னு வயித்தைக் கலக்குது. இன்னைக்குப் பேச்சு அந்த நடுக்கத்தைப் பத்தித்தான்.

நம்ம ஏரியாவுக்கும் காருக்கும் உறவு பழசு. 1948ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ், எண்ணூர்ல முதல்ல பூட்டினது லாரி இல்ல, ஆஸ்டின் ஏ40 கார். அதுதான் பின்னாடி அசோக் லேலண்ட் ஆச்சு.

சரி, நடுங்குற வண்டிக்கு வருவோம். நிறைய பேர் செய்யறது என்ன? ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி ஸ்லோ ஸ்பீடை ஏத்தி விட்டுடறது. நடுக்கம் குறையும், ஆனா கோளாறு அப்படியே இருக்கும். பெட்ரோல்தான் கூடப் போகும். அதனால ஸ்க்ரூல கை வைக்காதீங்க, பார்ட்ஸும் வாங்காதீங்க. முதல்ல மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: ரேஸ் பண்ணா சரியாகுதா? ஆமான்னா, எங்கயோ காத்து கசியுதான்னு பாருங்க. ஸ்லோ ஸ்பீடுல இன்ஜினுக்குப் போற காத்து ரொம்பக் கொஞ்சம். வெடிச்ச ஒரு ரப்பர் ஹோஸ் வழியா கூடுதலா கொஞ்சம் நுழைஞ்சாலே பெட்ரோல்-காத்து அளவு கெட்டுடும். ரேஸ் பண்ணும்போது நிறைய காத்து போறதால அதே கசிவு பெருசாத் தெரியாது. வேக்யூம் ஹோஸ் ஒவ்வொண்ணா வளைச்சு, வெடிப்பு இருக்கான்னு பாருங்க. ஹோஸ் நல்லா இருந்தா, அடுத்த சந்தேகம் கார்புரேட்டர்ல ஸ்லோ ஜெட் அடைப்பு.

ரெண்டு: ஒரே தாளத்துல துடிப்பு தவறுதா? அப்ப ஒரு சிலிண்டர் எரியல. 800ல இருக்கறதே மூணு சிலிண்டர். ஒண்ணு படுத்தா மூணுல ஒரு பங்கு பலம் போச்சு. இன்ஜின் ஆறினதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. இளம் பழுப்பு நிறம்னா நல்லது. வறண்ட கரின்னா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்குன்னா ஆயில் உள்ள வருது, செலவு பெருசு. மழைக்காலத்துல டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் இருந்தாலும் மிஸ்ஸிங் வரும், துடைச்சாலே போதும். கடல் காத்துல பேட்டரி எர்த் ஒயர் முனை பூத்துப் போயிருக்கும், அதையும் சுரண்டி இறுக்குங்க.

மூணு: இன்ஜின் சத்தம் சீரா இருக்கு, வண்டி மட்டும் நடுங்குதா? அப்ப இன்ஜின் மேல தப்பு இல்ல. அது உக்காந்திருக்கற மவுண்ட் ரப்பர் தேஞ்சிருக்கும்.

2000 வாக்குல வரத் தொடங்கின எம்பிஎஃப்ஐ வண்டின்னா கார்புரேட்டரே கிடையாது. அதுல த்ராட்டில் பாடியில கரி படிஞ்சாலே இதே நடுக்கம் வரும்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடறப்ப பிளக் ஒயரைப் பிடுங்கிப் பாக்கற வித்தையை நீங்க செய்யாதீங்க. ஷாக் அடிக்கும், எம்பிஎஃப்ஐ வண்டில காயிலும் கெடலாம். ஷட்டர் மூடின செட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடவே கூடாது. புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்னுடும்.

இவ்வளவும் பாத்துட்டு மெக்கானிக் அண்ணன்கிட்ட போங்க. "வண்டி சரியில்லண்ணே"ன்னு சொன்னா அவர் பிளக்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மாத்த வேண்டியிருக்கும். "சூடானப்புறம்தான் நடுங்குதுண்ணே, ரேஸ் பண்ணா சரியாகுது, ஹோஸ் எல்லாம் பாத்துட்டேன்"னு சொல்லிப் பாருங்க. பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும், உங்க பர்ஸும் தப்பிக்கும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.