யார் கைத் தேன்?

(சிங்கப்பெருமாள் கோவிலில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிப்பேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நோட்டீசிலும் கவிஞர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. தேன் வாங்குவது பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். நிலம், கூலி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ கிடக்க, பேங்க் கிளார்க் ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து தேன் யாவாரம் பேசுறானே என்று தோணும். கொஞ்சம் பொறுங்க. நிலமும் இதுல வருது, தீட்டும் வருது. நான் செஞ்ச ஒரு கோழைத்தனமும் வருது.

என் ஆயாவிடமிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். எங்க காலனிக்கு இருளர் தாத்தா ஒருவர் தேன் கொண்டு வருவார். அலுமினியத் தூக்கு, மேலே பூவரசு இலை போட்டு மூடியிருப்பார். வேலியோரக் கிளையில் கட்டுகிற கொம்புத் தேன். ஆயா வாசலுக்கு வந்து சொம்பை நீட்டுவாள், அவர் ஊற்றுவார். பதிலுக்கு அரைப்படி நொய், சில சமயம் தாத்தாவின் பழைய வேட்டி. இவ்வளவு வேணும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஆயா கொடுத்ததுதான் விலை. தண்ணி கேட்டால், ஆயா சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். அவர் குனிந்து ரெண்டு கையையும் குவித்துக் குடிப்பார்.

இதே ஆயா, நடவுக்குப் போன இடத்தில் தன்னை வரப்பில் குந்த வைத்து, கைக்கு எட்டாத உயரத்திலிருந்து தண்ணி ஊற்றினதை எனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த உயரம் அவளுக்கு அளவு பிசகாமல் தெரியும். அதே உயரத்திலிருந்துதான் அவளும் ஊற்றினாள். நானோ, என் தாத்தா வயசு மனுசனைப் பார்த்து 'இருளா, நாளைக்கும் வர்றியா' என்று கேட்டவன். வீட்டில் ஒருத்தரும் என்னை அதட்டவில்லை.

இப்போ எங்கே பார்த்தாலும் 'இடைத்தரகர் வேண்டாம், உற்பத்தி பண்றவங்ககிட்ட நேரடியா வாங்குங்க' என்கிற பேச்சு இருக்கு. நல்ல பேச்சுதான். ஆனா எங்க வாசலில் நடந்ததும் நேரடி யாவாரம்தானே? தரகன் கிடையாது, கலப்படம் கிடையாது. எடுத்தவர் தூக்கிலிருந்து தின்கிறவர் சொம்புக்கு. அதைவிட நேரடி ஒண்ணு இருக்க முடியுமா? இந்தக் கேள்விதான் கொஞ்ச நாளாக என்னைக் குடைகிறது.

கடைத் தேனின் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். 2020 டிசம்பரில் தில்லியிலிருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஒரு ஆய்வை வெளியிட்டது. 13 கம்பெனித் தேனை ஜெர்மனி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எல்லாச் சோதனையிலும் தேறியது 3தான். மற்றதில் சர்க்கரைப் பாகு. உள்நாட்டுச் சோதனையில் மாட்டிக்கொள்ளாத மாதிரியே அந்தப் பாகைத் தயார் பண்ணி விற்கிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. அப்போ, தண்ணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறது, தீக்குச்சியை முக்கிக் கொளுத்திப் பார்க்கிறது, நாய்க்கு வைத்துப் பார்க்கிறது, இதெல்லாம் எந்த மூலைக்கு? இன்னொண்ணு, தேன் உறைஞ்சா கலப்படம் என்று பயந்து கீழே கொட்டுகிறார்கள். உறைவது தேனின் குணம்.

அதனால் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டு அடுக்குமாடிகளில் இருக்கிறவர்கள் இப்போ பெட்டியைக் கண்ணால் பார்த்துத் தேன் வாங்க ஆசைப்படுகிறார்கள். இங்கிருந்து ஒரகடம் ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் நம்ம அண்ணன் ஒருத்தர் இருபது பெட்டி வைத்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், அவரே பின்னால் உட்கார்ந்திருக்கிறார், வெட்கப்படுவார்.

பெட்டி இருப்பது அரை ஏக்கர் டி.சி. நிலத்தில். இந்த மாவட்டத்தில் அந்த ரெண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று மாணவர்கள் தெரிஞ்சுக்கணும். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், நம்ம மக்கள் எப்படி நிலமில்லாமல் அடிமையாகக் கிடக்கிறார்கள் என்று எழுதிய அறிக்கை, 1892இல் வந்த அரசாணை, அதற்குப் பிறகு ஒதுக்கின பஞ்சமி நிலம், அது எப்படிக் கை மாறியது என்பதெல்லாம் தனிக்கூட்டம் போட்டுப் பேச வேண்டியது. காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் மிஞ்சின அரை ஏக்கர் அது. கிணறு இல்லை, நெல் வராது. சுற்றிலும் வேம்பு, புங்கம், பனை. கொஞ்சம் தள்ளி ஊர்க்காரர்களின் தென்னந்தோப்பு, புளிய மரங்கள். தேனீ வளர்க்க இதுதான் வசதி. நாட்டுத் தேனீ ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுத்திட்டு வரும். பட்டா, சிட்டா, அடங்கல் ஒண்ணும் அதுக்குக் கிடையாது.

ஒரு தடவை தோப்புக்காரர் ஒருத்தர் வந்தார். 'என் தோப்புப் பூவுல குடிச்சிட்டு வந்துதானேடா உன் பெட்டி நிறையுது, எனக்கு மாசம் ஒரு பாட்டில் வந்துடணும்' என்றார். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: 'தரேன். என் தேனீ வந்து போறதால உங்களுக்குக் காய்ப்பு கூடுதே, அதுல எனக்கு எத்தனை தேங்காய்னு சொல்லுங்க.' அதோடு அவர் வரவில்லை. ஆனால் மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்கிற வழக்கத்தையும் நிறுத்திவிட்டார். அந்த வாரம் மூணு பெட்டி வாசலில் தேனீ குவியலாகச் செத்துக் கிடந்தது. நான் போய்ப் பார்த்தேன். தவிட்டைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது.

பெட்டி புதுசில்லை. நூறு வருசத்துக்கு முன்னால் நியூட்டன் என்கிற பாதிரியார் திருச்சிப் பக்கம் நம்ம நாட்டுத் தேனீக்கு ஏத்த மாதிரி செய்த பெட்டியின் வழியில் வந்ததுதான். கீழ் அறையில் ராணியும் குஞ்சுகளும், மேல் அறையில் தேன். மேல் அடையை மட்டும் எடுத்து, மெழுகு மூடியைச் சீவி, டிரம்மில் மாட்டிச் சுற்றினால் தேன் தெறித்துக் கீழே இறங்கும். வெற்று அடையைத் திரும்ப மாட்டிவிடலாம். நாட்டுத் தேனீப் பெட்டியில் நல்ல வருசம் எட்டு, பத்து கிலோ கிடைத்தால் பெரிசு. மழை மாசத்தில் பூ இருக்காது, சர்க்கரைத் தண்ணி வைக்கணும். அண்ணன் இதை மறைக்க மாட்டார், கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆனா பெட்டிக்குள்ள வைக்கத் தேனீக் குடும்பம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் தாத்தா வருகிறார். என் ஆயா வீட்டுக்குத் தூக்கு கொண்டுவந்தவரின் மகன், இப்போ இவரே தாத்தா. முன்பணம் வாங்கி அரிசி மில்லில் குடும்பத்தோடு வருசக்கணக்கில் கொத்தடிமையாகக் கிடந்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இவர் மில்லை விட்டு வந்தது அதுக்கு ரொம்பக் காலம் கழிச்சு. மரப்பொந்தைப் பார்த்ததும் உள்ளே கூடு இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார். தேங்காய் நாரில் லேசாப் புகை காட்டி, அடையை அறுத்து, குஞ்சு இருக்கிற அடையை வாழைநாரால் சட்டத்தில் கட்டி, ராணியைக் கண்டுபிடித்து உள்ளே விடுவார். ராணி போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். அந்த இருபது பெட்டியில் பதினாறு அவர் பிடித்துக் கொடுத்தது.

நான் வேலை பார்க்கிற வங்கியில் இதுக்குக் கடன் கேட்டோம். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். 'ஆடு, மாடுன்னா காதுல தோடு போடலாம். இது பறந்து போயிட்டா?' என்று கேட்டார்கள். அறையே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். கடன் வரவில்லை. ஆறு பேர் சேர்ந்து பணம் போட்டோம்.

இப்போ என் கோழைத்தனத்துக்கு வர்றேன். முதல் அறுவடையில் பத்து பாட்டில் தேனை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். யாவாரி கிலோவுக்கு 200 தருவேன் என்றார், நாங்கள் 500 வைத்தோம். எல்லோரும் நல்ல மனசோடு வாங்கினார்கள். ஒரு அம்மா, இந்தச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் சுவாதி நட்சத்திரத்துக்கு வருகிறவர், திருமஞ்சனத்துக்கு ரெண்டு பாட்டில் தனியாகக் கேட்டார். கேட்டுவிட்டு, 'சுத்தமா எடுத்ததுதானே தம்பி, யார் பண்ணை?' என்றார்.

சுத்தம் என்ற சொல்லுக்குள் எத்தனை கேள்வி இருக்கு என்று நமக்குத் தெரியும். 'சுத்தமான தேன்தான் மேடம், தெரிஞ்சவங்க பண்ணை' என்றேன். காலனி என்று சொல்லவில்லை. இருளர் பிடித்துக் கொடுத்த தேனீ என்று சொல்லவில்லை. மேடையில் தீட்டுக்கு எதிராகக் கவிதை வாசிக்கிற வாய்தான் இது. தேன் கருவறைக்குள் போச்சு. எடுத்த கைகளை நான் வெளியிலேயே நிறுத்திட்டேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

கைகளை மறைத்து விற்றால் ஓடுது, காட்டினால் நிற்குது என்பதைப் பிறகு கண்ணால் பார்த்தோம். அடுத்த தடவை லேபிளில் அண்ணன் பேர், தாத்தா பேர், காலனி, ஊர் எல்லாம் அச்சடித்தோம். பத்துப் பேரில் ஆறு பேருக்கு அந்த மாசமே ஒண்ணா சர்க்கரை வியாதி வந்துடுச்சு. டாக்டர் தேன் தொடக் கூடாதுன்னுட்டாராம்! அந்த அம்மா ஒரு பாட்டில் வாங்கினார். கோவிலுக்கா, வீட்டுக்கா என்று நான் கேட்கவில்லை.

இந்த மாவட்டத்திலேயே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து நடக்குது. பாம்புத் தோல் யாவாரம் சட்டப்படி நின்ற பிறகு, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, மருந்து செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன், இது யார் எடுத்த விஷத்தில் செஞ்ச ஊசி என்று கேட்கிறானா? உயிர் போகிற நேரத்தில் கேட்க மாட்டான். தேன் வாங்கும்போது கேட்பான். மார்த்தாண்டத்திலும் தேனீ வளர்ப்போர் 1937லேயே கூட்டுறவு கண்டார்கள். 1991, 92இல் வைரஸ் நோய் வந்து நாட்டுத் தேனீ கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகும் அந்தத் தொழில் எழுந்து நின்றது. தனித்தனியாக நின்றால் யாவாரி வைத்ததுதான் விலை, சங்கமாக நின்றால் பேசலாம் என்பதற்கு இதையெல்லாம் சொல்கிறேன். நமக்கும் அப்படி ஒண்ணு வேணும். பெட்டி இருபதிலிருந்து இருநூறு ஆகணும், அதுவரைக்கும் வாங்குகிற கை நம்ம கையாக இருக்கணும்.

ஆனா அதுக்குள்ள நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு சண்டை பாக்கி இருக்கு. லேபிள் விசயத்தில் அண்ணனின் சித்தப்பா என்ன கேட்டார் தெரியுமா? 'நம்ம பேரோட இருளன் பேரைச் சேர்த்தா போடுவீங்க?' கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சாதாரணமாகக் கேட்டார். அண்ணனின் அம்மா தாத்தாவுக்குக் காபி கொடுக்கிற டம்ளர் ஜன்னல் மேல் தனியாகக் கவிழ்த்து இருந்தது. டீக்கடை இரட்டைக் குவளைக்காக மறியல் பண்ணின குடும்பம் அது. நான் அந்த டம்ளரை எடுத்து, எனக்கு இதில் காபி கொடுங்க அத்தை என்றேன். அத்தை கொடுத்தார், முகம் வாடிப்போச்சு. நான் செஞ்சது சரியா, நாடகமா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. இப்போ அந்த டம்ளர் ஜன்னலில் இல்லை. அடுக்களையில் எங்கே இருக்குன்னு நான் போய்த் தேடவில்லை.

அதனால தோழர்களே, நேரடியா வாங்குங்க. வாங்குறப்போ பெட்டி இருக்கிற இடத்துக்கே போங்க. காலனித் தெரு வழியாத்தான் போகணும், வேற வழி கிடையாது. தாகம் எடுத்தா தண்ணி வாங்கிக் குடிங்க. இருளர் குடியிருப்பு அதுக்கும் அந்தாண்டை, ஏரிக்கரையில். அங்கேயும் போய் உட்காருங்க. வண்டியில் வருகிற அடுக்குமாடிக்காரர்களுக்கும் இதேதான். பாட்டிலை ரோட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டோம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம். இதனால் பாதிப் பேர் வருவதில்லை, நஷ்டம்தான்.

பின்னால் மேசையில் பதினெட்டு பாட்டில் இருக்கு. வேம்பு பூத்தப்போ எடுத்தது, அடிநாக்கில் லேசாக் கசக்கும், பயப்படாதீங்க. ஒரு வயசுக்குள்ள குழந்தை இருந்தா சேனை வைக்கிறேன்னு இதைத் தொட்டு வெச்சுடாதீங்க, குழந்தைக்கு ஆகாது. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் தாத்தா இருக்கார். விலையை அவர்கிட்ட கேளுங்க, அவர் சொல்வார். சில்லறை இல்லை, கொண்டு வாங்க.