முடிவு தெரிந்த கதை

ஒரு புத்தகத்தை மறைத்து வாசிக்கும் பழக்கம் எனக்கு அறுபதை அண்டிய வயதிலேதான் ஏற்பட்டது. மேலட்டையிற் பட்டாடை உடுத்த ஒரு சீமாட்டி நின்றாள். "இந்த வயதிலுமா அக்கா, உங்களுக்குக் காதற்கதை?" என்று தங்கை கேட்டுவிட்டாள். உடனே பத்திரிகைத்தாளால் உறை போட்டேன்.

அப்போது நான் நீண்ட காய்ச்சலிலிருந்து எழும்பியிருந்தேன். தலைமயிர் கொட்டி, முகம் வற்றி, கண்ணாடிக்கு முன் நிற்க மனமில்லாத நாட்கள். பொழுதுபோக்க மருமகள் தந்த நூல் அது. எலொய்சா ஜேம்ஸ் 2011இல் வெளியிட்ட 'வென் பியூட்டி டேம்ட் த பீஸ்ட்'. அழகியும் மிருகமும் என்ற பழங்கதையைத் தழுவிய சரித்திரக் காதல் நாவல்.

எலொய்சா ஜேம்ஸ் என்பது புனைபெயர். நியூயோர்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைக் கற்பித்த பேராசிரியை மேரி பிளைதான் அவர். கவிஞர் ரொபேர்ட் பிளையின் மகள். காதல் நாவல் எழுதுவதைச் சக பேராசிரியர்களிடம் சில ஆண்டுகள் மறைத்து, 2005இலேயே வெளிப்படுத்தினார். எழுதியவரே மறைத்தார் என்றால், உறை போட்ட நான் எம்மாத்திரம்!

மூலக்கதை பிரெஞ்சு மொழியில் எழுந்தது. வில்நெவ் அம்மையார் 1740இல் நீளமாக எழுதியதை, பூமொன் அம்மையார் 1756இற் சுருக்கிச் சிறுவர்க்குத் தந்தார். அழகியின் அன்பு கிடைத்ததும் மிருகம் அழகிய இளவரசனாகிவிடும். பாடசாலை நாளிலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. அவலட்சணத்தை நேசித்தவளுக்கு அழகையே பரிசாகக் கொடுத்தால், அவள் நேசித்ததற்கு என்ன பெறுமதி?

ஜேம்ஸ் அம்மையார் அந்த இடத்திலேதான் கைவைக்கிறார். காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். மிருகமாய் வருபவர் வேல்ஸ் நாட்டுக் கோட்டையொன்றில் நோயாளரைப் பார்க்கும் பியர்ஸ் என்ற பிரபு. கால் ஊனம், ஓயாத வலி; நாவோ தேள்கொடுக்கு. 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் வைத்தியரை மனதிற்கொண்டே இவரைப் படைத்ததாக ஆசிரியை ஒப்புக்கொள்கிறார். மணம் பேசி அனுப்பப்படும் பேரழகி லினெட்டும் வாயாடிதான். இருவரின் வாய்ச்சண்டையை இருமலோடு சிரித்துச் சிரித்து வாசித்தேன்.

பிறகு செங்காய்ச்சல் பரவுகிறது. பென்சிலினுக்கு நூறாண்டுக்கு மேல் முந்திய காலம். தொண்டை புண்ணாகி, உடலெங்கும் சிவந்து, பின்பு தோல் உரியும் நோய் அது. கோழிக்கூட்டிற் போடப்பட்டுக் கிடக்கும் லினெட்டைப் பியர்ஸ் தேடிக் கண்டெடுக்கிறார். இப்போது உருக்குலைந்தவள் அழகி! மிருகமோ இளவரசனாகவில்லை. கடைசிவரை அவர் கால் ஊனமாகவே இருக்கிறது. அந்தப் பக்கங்களை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

குறை இல்லையென்று சொல்லமாட்டேன். திரும்பிய பக்கமெல்லாம் பிரபுக்கள். பியர்சின் வைத்திய அறிவும் அவர் காலத்தை மிஞ்சியதுதான். முடிவு முதற்பக்கத்திலேயே தெரியும் என்பார்கள். முடிவு தெரியாமலா நாம் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம்?

அண்டர்சனின் அவலட்சண வாத்துக்குஞ்சை நினைவூட்டும் 'த அக்லி டச்சஸ்' என்ற நாவலையும் இவர் 2012இல் வெளியிட்டார். அதை நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. புத்தகம் தங்கையிடம் இருக்கிறது, பத்திரிகைத்தாள் உறையோடு.