நடுவர் மணியும் ஒலிவாங்கியும்

தமிழ்த் தொலைக்காட்சியின் பண்டிகைக்காலை நிகழ்ச்சிகளுள் நெடுங்காலமாக இடம் பெயராமல் இருப்பது பட்டிமன்றம். அதன் இன்றைய வடிவம் உருப்பெற்ற களங்களுள் முதன்மையானது செட்டிநாட்டுக் காரைக்குடி. சா. கணேசன் 1939-இல் அங்கே தோற்றுவித்த கம்பன் கழகம், ஆண்டுதோறும் பங்குனியில் கம்பன் விழாவை நடத்தி, அதன் நிறைவு நாளைக் கம்பரின் சமாதி அமைந்துள்ளதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில் கொண்டாடிவருகிறது. அவ்விழாவின் பட்டிமண்டபம், காப்பியப் பாத்திரம் ஒன்றின் செயல் தகுமா தகாதா என்று இரண்டு அணியினர் வாதிட, நடுவர் ஒருவர் கேட்டுத் தீர்ப்புக் கூறும் சொற்போராகும். அது புலவர் அவையாகத் தொடங்கியதே தவிர, சிரிப்பரங்காகத் தொடங்கவில்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றைக் கொண்டதும், 1962-இல் காஞ்சிப் பெரியவரின் முயற்சியால் ஆகம, சிற்ப வல்லுநர்களின் சதஸ் என்னும் அவை கூடியதுமான இளையாத்தங்குடி போன்ற ஊர்களைச் சுற்றிலும் கொண்ட இப்பகுதியில், கற்றோர் கூடி வாதிடுவதைப் பொதுமக்கள் அமர்ந்து கேட்பது புதுமையான செயலன்று.

அந்த அவை எவ்வாறு சிரிக்கத் தொடங்கியது என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்து, காப்பியத்தை விட்டுச் சமுதாயத்தையும் குடும்பத்தையும் வாதப்பொருளாக்கியபோது, கேட்போரின் எண்ணிக்கை பெருகியது. மன்றத்துக்குள் அடங்கிய சொற்போர் கோயில் திருவிழாப் பந்தலுக்கு நகர்ந்தது. பந்தலில் அமர்ந்திருப்பவர் இரவு உணவு முடித்து, பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு வந்தவர். செய்யுளுக்கு உரை சொல்லி அவரை நள்ளிரவு வரை இருத்திவைக்க இயலாது. ஆகவே எதிரணியின் வாதத்தை அப்படியே ஏற்பதுபோல் தொடங்கி இறுதியில் கவிழ்ப்பது, மாமியார் குரலிலும் மருமகள் குரலிலும் மாறி மாறிப் பேசுவது, வட்டார வழக்கை வேண்டிய இடத்தில் மட்டும் கலப்பது ஆகிய உத்திகள் பேச்சாளரின் கருவிகளாயின. மணியடித்து நேரம் முடிந்ததை அறிவிக்கும் நடுவரே இடையிடையே ஒரு சொல்லைப் போட்டுப் பேச்சாளரை மடக்குவதும், அதற்கு அவர் உடனே மறுமொழி தருவதும், எழுதிவைத்த நாடகத்தில் காணவியலாத விறுவிறுப்பை அவைக்கு அளித்தன.

இதனோடு பிரித்தானிய மரபை ஒப்பிடுவது பயனுடையது. பி.பி.சி. வானொலியின் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடர்களுள் பல, எழுதுவோர் வேறு, நடிப்போர் வேறு என்னும் பிரிவின்மேல் நின்றவை. காசநோய் மருத்துவமனையில் நோயாளிகளாகச் சந்தித்து நண்பர்களான ரே கால்டனும் ஆலன் சிம்சனும் எழுத, டோனி ஹான்காக் நடித்த அரைமணி நேரத் தொடர் 1954-இல் வானொலியில் தொடங்கி, 1956-இல் தொலைக்காட்சிக்கும் சென்றது. அத்தொடரில் நாயகன் தயங்கும் தயக்கம்கூட எழுத்தாளர் திட்டமிட்டதாக இருந்தது. அந்நாட்டிலேயே பட்டிமன்றத்துக்கு நெருங்கிய உறவாக அமைவது அரங்கப்போட்டி என்னும் வகை. அதாவது, தலைவர் ஒருவர் முன்னிலையில் சிலர் அமர்ந்து, விதிகளுக்கு உட்பட்டுச் சொல்லாடும் நிகழ்ச்சி. 1967-இல் தொடங்கி நிக்கொலஸ் பார்சன்ஸ் அரைநூற்றாண்டுக்கு மேல் தலைமை தாங்கிய ‘ஜஸ்ட் எ மினிட்’, தயங்காமலும் கூறியது கூறாமலும் பொருளை விட்டு விலகாமலும் ஒரு நிமிடம் பேசவேண்டும் என்னும் விதியொன்றை மட்டுமே முதலாகக் கொண்டது. அதற்கு முன்பே, 1956-இல் தொடங்கிய ‘மை வேர்ட்’ நிகழ்ச்சியில், பிறருக்கு எழுதிக்கொடுத்துப் பெயர்பெற்ற பிராங்க் மியூரும் டெனிஸ் நார்டனும் தாமே ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து, ஒரு பழமொழியோ மேற்கோளோ எவ்வாறு தோன்றியது என்று புளுகுக் கதை கட்டிச் சிலேடையில் முடித்தனர். எழுதுபவரே பேசுபவராகும்போது சிரிப்பின் தன்மை மாறுகிறது. கேட்பவர் நகைப்பது கதைமாந்தரைக் கண்டு அன்று, ஒரு மூளை வேலை செய்வதைக் கண்டு. தமிழ்ப் பட்டிமன்றம் தொடக்கத்திலிருந்தே இவ்வகையைச் சேர்ந்தது. அதில் பேசுபவருக்கு வேறொருவர் எழுதிக்கொடுப்பதில்லை.

எழுதி நடிக்கும் வானொலி நகைச்சுவை தமிழில் இல்லாமற்போகவில்லை; அதன் மிகச் சிறந்த சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. செட்டிநாட்டார் பலர் கொழும்பில் கடை வைத்திருந்த காலம் மறைந்த பின்னும், தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாக ஒலித்தது. 1970-களில் அந்நிலையத்தில் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’, ஒரே தமிழின் நான்கு பேச்சு வழக்குகளை ஒரே அறையில் அடைத்த நாடகம். இசுலாமியத் தமிழ் பேசும் மரிக்காராக ராம்தாசும், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக டி. ராஜகோபாலும், சிங்களச் சாயலில் தமிழ் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரனும், பிராமணத் தமிழ் பேசும் ஐயராக பி.எச். அப்துல் ஹமீதும் நடித்தனர். இசுலாமியர் அல்லாதவர் மரிக்காராகவும் இசுலாமியர் ஐயராகவும் குரல் மாறியது முகம் தெரியாத ஊடகம் தந்த உரிமை. அந்த உரிமையை இவ்வளவு துணிவாகப் பயன்படுத்திய தமிழ் நிகழ்ச்சிகள் சிலவே. 1977-இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ அயல்நாட்டாரின் உச்சரிப்பை நகைத்ததற்காகக் கண்டிக்கப்பட்டது. கோமாளிகளின் நாடகத்தில் நகைப்பவனும் நகைக்கப்படுபவனும் ஓரறையில் சமமாக இருந்தமையால் அந்தக் கசப்பு இல்லை. நால்வரும் 1976-இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படத்திலும் தோன்றினர்.

இவ்விரண்டு வகையிலும் அடங்காத மூன்றாம் வகைக்கு உரியவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்து, திருநெல்வேலி வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சிகளில் பணியாற்றியவர், பின்னர்ச் சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ என்னும் காலை உரையால் தமிழகம் எங்கும் அறியப்பட்டார். அவருக்கு எதிரணி இல்லை, நடுவர் இல்லை, சிரித்துக் காட்டும் அவையும் இல்லை. ஒலிப்பதிவு அறையில் தனித்து அமர்ந்து, அலுவலகக் கடிதம் படிப்பது போன்ற குரலில், செய்தியொன்றைச் சொல்லிக்கொண்டே போய், கேட்பவர் எதிர்பாராத இடத்தில் குட்டிக்கதை ஒன்றை இறக்கிவிட்டு, தாம் சிரிக்காமலே முடித்துவிடுவார். பந்தலில் வளர்ந்த பேச்சாளர் எவருக்கும் இது எளிதன்று. கைதட்டல் இல்லாத இடத்தில் அவர்களின் நேரக்கணக்கு தவறிவிடும்.

1993-இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி, மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையாவை நடுவராக்கிப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் ஒளிபரப்பியபோது, பந்தல் வீட்டுக்கூடத்துக்கு வந்தது. ராஜா, பாரதி பாஸ்கர் போன்ற பேச்சாளர்கள் திரைநடிகர்க்கு நிகரான புகழ் பெற்றனர். 2007-இல் ‘சிவாஜி’ படத்தில் பாப்பையாவும் ராஜாவும் நடித்ததே அப்புகழுக்கு அளவு. இன்னொரு புறம் திண்டுக்கல் ஐ. லியோனி, திரைப்பாடல்களைப் பாடிக்காட்டி ஒப்பிடும் பாணியை ஒலிநாடாக்கள் வழியே தேநீர்க் கடைகள் வரை கொண்டுசென்றார்.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. பந்தலில் ஒரு பேச்சாளர் கால்மணி நேரம் சிரிப்பே இல்லாமல் வாதத்தை அடுக்கி, அதன் கனத்தின்மேல் ஒரு நகைச்சுவையை வைக்க முடிந்தது. விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையே வெட்டப்படும் ஒளிபரப்பில் அந்தக் கால்மணி நேரம் கிடைப்பதில்லை. அதனால் துணுக்குக்குத் துணுக்கு தாவும் பழக்கம் வளர்ந்து, கணவன் மனைவியை இகழ்வதும் மனைவியின் சமையலை இகழ்வதும் தலைப்பு எதுவாயினும் வந்து நிற்கும் தேய்ந்த சரக்காயிற்று. கால்டன், சிம்சன் இணையரின் உரையாடல்கள் நூலாக அச்சேறி, அடுத்த தலைமுறை எழுத்தாளர்க்குப் பாடமாயின. பட்டிமன்றப் பேச்சோ பெரும்பாலும் அச்சேறாமல், இணையத்தில் யாரோ ஏற்றிய துண்டுகளாக, வாதத்தின் தொடக்கம் ஓரிடத்திலும் தீர்ப்பு வேறோரிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் பலவற்றில் பேசியவர் பெயர் இருக்கிறது, பேசிய ஊரும் நாளும் இல்லை.