சுடுகாட்டு ஓரத்துச் செடி

புதுக்கோட்டைப் பக்கம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தண்ணீர் கேட்காமல் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி. ஆடுமாடு வாய் வைக்காது.

சர்க்கரை நோய்க்குக் கஷாயம் என்று இதன் இலை 1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்குப் போனது. அங்கே ஆய்வாளர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. ரத்தப் புற்றுநோயில் கட்டுமீறிப் பெருகுபவை அவைதானே! அப்படிக் கிடைத்தது வின்பிளாஸ்டின், அடுத்து வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து வின்கிறிஸ்டின்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டைக்காரர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் மருத்துவமனை திறந்தபோது இந்த மருந்துகள் எதுவும் கைக்கு வரவில்லை.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் 2022-ல் விஞ்ஞானி ஜே கீஸ்லிங் குழுவினர் 30-க்கும் மேற்பட்ட தாவர மரபணுக்களை ஈஸ்டுக்குள் புகுத்தி, மருந்தின் இரண்டு மூலப்பொருள்களையும் அதிலேயே உருவாக்கினார்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கிற அதே ஈஸ்ட்தான்! விளைச்சல் என்னவோ சொற்பம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அது விஷம், மருத்துவமனையில் அதன் மருந்தை அளந்துதான் ஏற்றுவார்கள்.