முதற் பக்கம்

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது பள்ளிக்கு ஓர் அறிமுகக் கையேடு எழுதினேன். முதற் பக்கத்தில் கட்டடத்தின் நீள அகலங்களையும் புரவலர்களின் பட்டங்களையும் நிரப்பியிருந்தேன். மகனைச் சேர்க்க வந்த உழவர் ஒருவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, பையனை என்றைக்குக் கூட்டி வரவேண்டும்?" என்று கேட்டார். அந்தத் தேதி பதினோராம் பக்கத்தில் இருந்தது!

கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல்மொழி ஒன்றைக் கற்க விரும்பிய என் பேத்தி, சில மொழிகளின் இணையதளங்களை எனக்குக் காட்டினாள். அப்போது அவ்வுழவர் நினைவுக்கு வந்தார்.

பைதான் என்னும் மொழி 1991இல் வெளிவந்தது. 2014இல் புதுப்பித்த அதன் முகப்பின் மேற்பகுதியிலேயே சில வரிகளில் ஒரு நிரல் இருந்தது. முன்னிரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் பிபனாச்சி வரிசையை அது தரும்: 0, 1, 1, 2, 3, 5, 8 என்று. அருகிலிருந்த பொத்தானை அழுத்தினால் அங்கேயே எழுதிப் பார்க்கலாம்; கணிப்பொறியில் எதையும் நிறுவ வேண்டுவதில்லை. பேத்தி அவ்வரிகளை எழுதி, 1000 என்றிருந்த எல்லையை 50 ஆக்கினாள். வரிசை 34இல் நின்றது. அம்மொழியில் ஒன்றும் அறியாத எனக்கும் அதன் போக்கு விளங்கிற்று. 'எளிய மொழி' என்று நூறு முறை எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். இறக்கிக்கொள்ளும் இடம், தொடக்கப் பாடம், அண்மைப் பதிப்பின் எண் ஆகியவையும் அதே பக்கத்தில் இருந்தன.

ரஸ்ட் என்னும் மொழியின் 1.0 பதிப்பு 2015இல் வந்தது. அதன் பழைய முகப்பிலும் ஒரு சிறு நிரல் உண்டு. 2018 டிசம்பரில் முகப்பைப் புதுக்கியவர்கள் அதை நீக்கிவிட்டு, வேகம், நம்பகம், ஆக்கத்திறன் என மூன்று சிறப்புகளை எழுதினார்கள். அம்மொழியால் எவற்றைச் செய்யலாம் என்றும் காட்டினார்கள். பயன்படுத்துவோர் பலர் குறைப்பட்டுக்கொண்டனர். நானும் அவர்கள் பக்கமே.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. நினைவகத்தைக் கையாளுகையில் நேரும் பிழைகள் பலவற்றை நிரல் ஓடுமுன்னரே தடுப்பது ரஸ்டின் பெருமை; ஒழுங்காக ஓடும் ஐந்தாறு வரிகளில் அது தெரியாது. நிறுவனத்துக்காக மொழி தேடுபவரோ, 'இதனால் என்ன பயன்?' என்றுதான் முதலில் கேட்பார். ஆயினும், தன்னை வேகமற்றது என்று சொல்லிக்கொள்ளும் மொழி எங்கே இருக்கிறது? பிழையுள்ள நிரல் ஒன்றையும், அதைக் கண்டு தொகுப்பி என்னும் கருவி விடுக்கும் எச்சரிக்கையையும் அருகருகே வைத்திருந்தால் இரு சாராரும் பயனடைந்திருப்பர். பேத்தி அவ்வாறே ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். ஒன்பது வரிகளில் அடங்கிவிட்டது.